கிளட்ச் பிடி இல்லாத வண்டி – 11: மெழுகு ஒட்டிய இரும்பு

போன வாரம் ரூபியை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மூக்கண்டப்பள்ளி வீட்டுச் சந்தில் மண்டி போட்டு, பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் கொட்டியது. இரண்டு போல்ட்டும் ஒரு வாஷரும் விழுந்தன. அவள் தேடியது விழவில்லை.

பாவம், ஒரு வாரமாக அவள் அப்படியே மண்டி போட்டிருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிதான்.

புதிதாக நம்மோடு சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை.

பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பட்டறையின் பவர் பிரஸ், ரூபியின் இடது கையில் நடுவிலுள்ள மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அவளுக்கு வயது இருபத்தொன்பது. அந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவர் அவள் அப்பா சகாயநாதன். அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் அவளிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்தத் தாழ்ந்த குரலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பதினைந்து வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் பழைய எஸ்டி மோட்டார் சைக்கிளை அவள் வெளியே இழுத்தது அப்போதுதான். அந்த வண்டியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சாதாரண மோட்டார் சைக்கிளில் கியர் மாற்ற இடது கையால் கிளட்ச் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டியில் கிளட்ச் இல்லை. ஆனால் பின் பிரேக் இடது கையில். அதை இழுக்க விரல் வேண்டும். இந்தப் பழைய எஸ்டியிலோ, இடது காலால் கியர் லீவரை அழுத்தினாலே உள்ளே இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு கிளட்சைத் தூக்கிவிடும். பிரேக் இரண்டும் வலது பக்கம். இடது கை சும்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்தத் துண்டுக்குப் பெயர் கேம். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது அது இருந்த இடம் காலியாக இருந்தது. கிருஷ்ணகிரியில் பழைய உதிரி பாகக் கடை வைத்திருக்கும் முனீர் அகமது மூன்று வாரம் தேடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதைத்தான் இப்போது காணோம்.

மூன்று மணிக்கு வண்டியை வாங்க பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார். சகாயநாதன் வாக்குக் கொடுத்துவிட்டார். வண்டி போய்விட்டால், நாளை காலை பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டரிடம் ஓட்டிக் காட்டி, வண்டியில் செய்த மாற்றங்களுக்குக் கையெழுத்து வாங்க முடியாது. புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தளியில் ரோஜா பேக்கிங் ஷெட்டில் வேலைக்குச் சேர முடியாது. முதல் பஸ்ஸே அங்கே ஏழரைக்குத்தான் போகும். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் சௌமியா போனில் ஒரே வரியில் சொல்லியிருந்தாள்: "ஆறு மணிக்கு ஷெட்ல இருக்கணும். எப்படி வர்றீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

பத்து மாதத்தில் ரூபியிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

இனி, சந்துக்கே வருவோம்.

"டெல்வின்!"

தம்பி வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தான். இருபத்துநாலு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவன் முகத்தை வெயிலில் பார்க்க முடியும்.

"டப்பாவுல இருந்ததை எங்க வச்சே?"

"எந்த டப்பா?"

"நடிக்காத. வண்டி ஓடாம நின்னாத்தான வித்துட்டுக் கைகழுவ முடியும்?"

"அக்கா, வண்டிய போட்டோ எடுத்து நெட்ல போட்டது நான்தான். அப்பா சொன்னாருன்னு போட்டேன், தப்புதான். ஆனா அந்த இரும்பு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. பெட்ரோல்ல ஊறப் போட்டா எல்லாம் மட்டன் துண்டு மாதிரி ஒண்ணாத்தான் தெரியுது."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

"வாயில பிரஷ்ஷ வச்சிக்கிட்டு மாதா மேல சத்தியம் பண்ணாதடா."

அவன் துப்பிவிட்டு வந்து மறுபடி சத்தியம் செய்தான். ரூபி நம்பினாள். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். சிவக்கவில்லை.

அவள் முனீர் பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், அந்த கேமைக் காணோம். இன்னொண்ணு கிடைக்குமா?"

"ஏம்மா, அது என்ன மிளகா பஜ்ஜியா, எண்ணெய்ல போட்டு இன்னொண்ணு எடுத்துத் தர்றதுக்கு? மைசூர்ல ஒருத்தர் வூட்டுக் கொட்டாயில கவுந்து படுத்துத் தேடுனது அது. இன்னும் என் இடுப்பு நேராவல."

"மூணு மணிக்கு ஆளு வர்றாரு பாய்."

முனீர் பாய் இடுப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நல்லா யோசனை பண்ணும்மா. வெளியாளு வந்தா வண்டியத் திருடுவான். டப்பாவுல கிடக்கற அந்தத் துண்ட எவன் எடுப்பான்? அது என்னன்னு தெரிஞ்சவங்கதான் எடுத்திருப்பாங்க. உன் வூட்டுல அது யாருக்குத் தெரியும்?"

ரூபி போனை வைத்தாள். வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் முன்னறையில் இருந்தார்.

சகாயநாதன் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து வைத்திருந்தார். வண்டி சம்பந்தப்பட்டதெல்லாம் அதற்குள்தான். பூட்டோடு ஒரு கனத்த சங்கிலி, அவருடைய பழைய ஹெல்மெட், பிளாஸ்டிக் உறைக்குள் ஆர்.சி. புக். புக்கை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார்.

"அப்பா, கேமை எடுத்தீங்களா?"

"எனக்கு எதுக்குப் பாப்பா அது? வண்டியே மூணு மணிக்குப் போவப் போவுது."

"நான் குடுக்க மாட்டேன்."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"அந்த புக்கப் புதுப்பிக்க மூணு தடவ ஆபீசுக்கு அலைஞ்சது நான். டேங்க்ல இருந்த துருவைச் சுரண்டுனது நான். இந்தக் கையாலதான் சுரண்டுனேன்."

அவள் இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சகாயநாதன் பார்வையைச் சுவரில் இருந்த காலண்டருக்குத் திருப்பிக்கொண்டார். பத்து மாதமாக அவர் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை. சோறு பரிமாறும்போதுகூட அவள் முகத்தை மட்டும்தான் பார்ப்பார்.

"தளி ரோட்டுல யானை நடமாட்டம் இருக்கு. பனி இறங்குனா பத்தடி தெரியாது. லாரிக்காரன் ஒருத்தன் குறுக்க வந்தா உன்னால..."

"என்னால?"

அவர் பேச்சை மாற்றினார்.

"பக்கத்துலயே ஒரு ஜெராக்ஸ் கடையில சொல்லி வச்சிருக்கேன். உக்காந்துக்கிட்டே பாக்கற வேல."

"ஏற்கெனவே ஒரு வேல சொல்லி வச்சீங்களே அப்பா. போதும்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்ப் பட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சகாயநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

ரூபி மறுபடி சந்துக்கு வந்து தரையைத் தடவித் தடவித் தேடினாள். சாக்கடை ஜல்லடையைத் தூக்கிப் பார்த்தாள். மணி ஒன்பது, பத்து, பத்தரை. வீட்டில் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. அடுப்பு பற்றவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குக் கறிக்குழம்பு வாசனை வராத வீடா அது?

முதல் பூசைக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை.

ஆரோக்கியசெல்வி வந்தபோது மணி பதினொன்று ஆகிவிட்டது. பையில் கறி இல்லை. கையில் ஜெபமாலை இல்லை. நேராகச் சமையலறைக்குள் போய், "ரூபி, கதவைச் சாத்திட்டு வா" என்றாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மெழுகு பூசிய ஒரு துண்டு. வெள்ளை மெழுகு, நடுவில் கொஞ்சம் நீல மெழுகு. ஒரு ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது.

ரூபி அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் எடுத்துட்டுப் போனேன்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "நீதானே அன்னிக்கு வெங்காயம் உரிக்கறப்ப சொன்ன, இந்தத் துண்டு இருந்தாத்தான் வண்டி ஓட்ட முடியும்னு. கோயில் கெபியில, அந்தக் கல் குகையில, மாதா கால்கிட்ட வச்சேன். அவ ஓட்டக் கூடாதுன்னா இத நீயே வச்சுக்க தாயேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

"தம்பியக் கேட்டேன். அப்பாவக் கேட்டேன். உன்ன நெனைக்கவே இல்ல."

"திட்டு."

"அப்புறம் எதுக்குத் திரும்ப எடுத்துட்டு வந்த?"

ஆரோக்கியசெல்வி தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பூசை முடிஞ்சு போய்ப் பாத்தேன். அங்கயேதான் இருந்தது. ராத்திரி எல்லாரும் ஏத்துன மெழுகு ஒழுகி, அது மேல மூடி, கல்லோட ஒட்டியிருந்தது. சரி, தாயே வச்சிக்கிட்டான்னு திரும்புனேன். கோயிலக் கூட்டற ரங்கம்மா வந்தா. ஏமிக்கா இது, என்னதுன்னு கேட்டா. வேண்டுதல்னு சொன்னேன். அதுக்கு அவ சொன்னா, கை சொகமாவணும்னா வெள்ளியில கை வாங்கித்தானே வைப்பீங்க, நீ என்னக்கா இரும்பு வச்சிருக்கேன்னு."

செம்புத் தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

"அவ விளையாட்டாத்தான் கேட்டா. எனக்கு அங்கயே காலு ஓடல. மூணு மணி நேரம் அந்தக் கல்லுலயே உக்காந்திருந்தேன். ஊர்ல எல்லாரும் போன கைக்காக வெள்ளிக் கை வாங்கி வைக்கறாங்க. நான் என்ன பண்ணியிருக்கேன்? எம்பொண்ணு மூணு மாசமா கிரீஸ்ல கெடந்து தனக்குன்னு ஒரு கையத் தேடிக் கொண்டாந்தா. அதப் புடுங்கிட்டுப் போய், இவளுக்கு வேணாம்னு குடுத்துட்டு வந்திருக்கேன்."

ரூபி அம்மாவைப் பார்த்தபடியே நின்றாள். கோபம் போகவில்லை. நெஞ்சுக்குள் அது அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ரங்கம்மாதான் பூ நறுக்கற கத்தியக் குடுத்தா, சுரண்டி எடுக்க" என்றாள் ஆரோக்கியசெல்வி. "திட்டுடி. பேசாம நிக்காத."

"திட்ட நேரமில்ல. சுடுதண்ணி வை."

"எதுக்கு?"

"மெழுகோட உள்ள போட்டா வண்டி ஜெபம் பண்ணுமா?"

ஆரோக்கியசெல்வி சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

டீ போடும் கிண்ணத்தில் கேம் வெந்தது. மெழுகு உருகி மேலே மிதந்தது. பள்ளங்களில் ஒட்டியிருந்ததை அம்மாவின் கொண்டை ஊசியால் ரூபி நோண்டி எடுத்தாள். பிறகு மண்ணெண்ணெயில் ஒரு கழுவல். மணி பன்னிரண்டு.

அதன் பிறகு நடந்தது மாதிரி ஒன்றை அந்தத் தெருவில் யாரும் அதுவரை பார்த்திருக்க முடியாது. சந்தில் அம்மாவும் மகளும் எதிரெதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் வண்டி.

"இத இறுக்கமாப் பிடி. கை நடுங்கக் கூடாது."

"என் கை என்னைக்கு நடுங்கியிருக்கு? ஸ்பானர் இதானே?"

"அது பன்னெண்டு. பதிமூணு ஸ்பானர் குடு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"எழுதியிருக்கும் பாரு."

"கண்ணாடி உள்ள இருக்கு. அந்தப் பெருசுதானே? இந்தா."

ரூபியின் வலது கை திருகியது. அம்மாவின் இரண்டு கைகளும் பிடித்துக்கொண்டன. கேம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மேலே திருகாணியை வைத்து, கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே என்று ரூபி காது கொடுத்துக் கேட்டுத் திருகினாள். லீவரைக் கையால் அழுத்தினாள். உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது போல ஒரு சத்தம்.

"தூக்குது" என்றாள்.

"என்ன தூக்குது?"

"கிளட்சு. தானாத் தூக்குது அம்மா."

கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது. டெல்வின் ரொட்டியில் ஜாம் தடவிக் கொண்டுவந்து இரண்டு பேர் வாயிலும் ஊட்டினான். இரண்டு பேர் கையும் கறுப்பாக இருந்தது.

சரியாக மூன்று மணிக்குக் கார் வந்தது. முன் சீட்டில் சகாயநாதன். முக்கு ரோட்டில் நின்று வழி காட்டிக் கூட்டி வந்திருந்தார்.

இறங்கியவர் பெயர் பாலாஜி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கோரமங்களாவில் வீடு. பழைய வண்டிகளாக வாங்கி ஒரு கூடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாராம். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். சகாயநாதன் ஆர்.சி. புக்கைக் கொடுத்தார், அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்ன சார் இது?"

டேங்க் மாங்கொழுந்து நிறத்தில் பளபளத்தது. ஹாரன், லைட் சுவிட்ச் எல்லாம் வலது பக்கம் வந்திருந்தன. இடது பக்கப் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கியிருந்தது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் அணைத்துப் பிடிக்கிற அளவுக்கு. கிளட்ச் லீவரைக் காணோம். அது இருந்த முனையை ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்திருந்தது.

"போட்டோல கறுப்பா இருந்ததே. ஒரிஜினல் கலரு போச்சு. லீவர் எங்க? யார் சார் இப்படிக் கெடுத்தது?"

"கெடுக்கல" என்றாள் ரூபி. "எனக்குன்னு மாத்தியிருக்கேன்."

பாலாஜி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். உடனே அவர் குரலும் தாழ்ந்தது.

"ஐயோ, சாரி மேடம். பரவால்ல விடுங்க. லீவர் வேற போட்டுக்கலாம், பெயிண்ட உரிச்சிக்கலாம். நம்ம கிட்ட வந்துட்டா வண்டி சேஃபா இருக்கும். ரோட்டுக்கே எடுக்க மாட்டேன்."

"ரோட்டுக்கே எடுக்காத வண்டி எதுக்கு சார்?"

"பார்க்கத்தான்."

"அதுக்கு ஒரு போட்டோ போதுமே. என் தம்பி நல்லா எடுப்பான்."

டெல்வின் தொண்டையைச் செருமினான். சகாயநாதன் குறுக்கே வந்தார்.

"பாப்பா, பேசாம உள்ள போ. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கல." ரூபி தன் புது ஹெல்மெட்டை மாட்டி, கழுத்துப் பட்டையை ஒரே கையால் பூட்டினாள். "ஒரு தடவ பாருங்க அப்பா. அதுக்கப்புறம் நீங்களே சொல்லுங்க."

இந்த வண்டியில் கிக்கர் தனி, கியர் தனி என்று இல்லை. ஒரே லீவர்தான். மேலே மடக்கினால் உதைக்க, முன்னால் மடக்கினால் கியர் போட. ரூபி மடக்கி உதைத்தாள். இல்லை. இன்னொன்று. இல்லை. எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். மூன்றாவது உதையில் பிடித்தது. பதினைந்து வருடப் புகை முழுவதையும் ஒரே மூச்சில் விட்டதுபோல் தெருவே நீலமானது.

லீவரை முன்னால் மடக்கி, பாதத்தால் அழுத்தினாள். காலை எடுத்தாள். வேகமாக எடுத்துவிட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி, பொக்கென்று அணைந்தது.

"சொன்னேன்ல" என்றார் சகாயநாதன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சும்மா இருங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

முப்பத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் மற்றவர்கள் எதிரே அவள் அவரை அப்படிச் சொன்னதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். புடவையெல்லாம் கிரீஸ், உள்ளங்கை கறுப்பு.

"அவ ஓட்டுவா. அந்தத் துண்ட மாட்டுனது நானு" என்றாள்.

ரூபி மறுபடி உதைத்தாள். மறுபடி அழுத்தினாள். இந்த முறை, தூளியில் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கையை உருவுகிற பக்குவத்தில், பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டி நகர்ந்தது.

இரண்டாவது கியர். மூன்றாவது. இடது கை பிடியின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. தெருமுனை வேகத்தடையில் கியரைக் குறைத்து, ஏறி இறங்கி, திரும்பி, மறுபடி கியர் போட்டு, எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழி விட்டு, வாசலுக்கு வந்து நிறுத்தினாள். எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டாள்.

மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். ரூபி அப்பாவை மட்டும்தான் பார்த்தாள்.

சகாயநாதன் பக்கத்தில் வந்தார். முதல் தடவையாக அந்தக் கையைப் பார்த்தார். நன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"அந்தத் துண்ட அன்னைக்கிக் கழட்டிப் போட்டது நான்தான் பாப்பா."

"என்னது?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி. கியரு கொஞ்சம் கஷ்டமா விழுந்தது. மெக்கானிக்கு அதக் கழட்டிக் காட்டி, கையில்லாதவனுக்குத்தான் சார் இது, நமக்கு எதுக்குன்னான். நானும் சிரிச்சேன். தூக்கி வீசிட்டான்." அவர் டியூப் சுற்றிய பிடியைத் தடவினார். "பிரஸ்ஸு முன்னால உன்னக் கொண்டுபோய் உக்கார வச்சதும் நான்தான்."

"பிரஸ்ல தடுப்பு வேல செய்யலன்னு தெரிஞ்சும் ஓட்டச் சொன்னவங்க வேற ஆளு அப்பா. அவங்களுக்கு உண்டானத நான் பாத்துக்குவேன். நீங்க இத மட்டும் விட்டுடுங்க."

சகாயநாதன் மெல்லத் திரும்பினார். "சார்... மன்னிச்சிக்கோங்க..."

பாலாஜிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"சார், வாக்குன்னா வாக்கு. இன்னைக்கி சென்டிமென்ட் ஆயிடுச்சு, விடுங்க. மனசு சரியானதும் கூப்பிடுங்க. வண்டிய ஏத்திட்டுப் போக ஆளு அனுப்பறேன்."

கார் தெரு முனையைத் தாண்டும்போதுதான் டெல்வின் கத்தினான்.

"அக்கா! புக்கு!"

அவன் முக்கு ரோடு வரை ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். சகாயநாதன் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவை இரண்டே மணியில் நின்றது. மூன்றாவது தடவை அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"மறந்து எடுத்துட்டுப் போயிருப்பாரு" என்றார் சகாயநாதன்.

"மறந்தவரு போன எதுக்கு அணைக்கறாரு?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"நாளைக்கி இன்ஸ்பெக்டர்கிட்ட புக்கோட காப்பிய செல்போன்ல காட்டிக்கலாம்க்கா" என்றான் டெல்வின்.

"மாத்துனத அந்த புக்குலதான் எழுதித் தருவாங்க. ஒரிஜினல் இல்லாம வராதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க." ரூபி அப்பாவிடம் திரும்பினாள். "அவரு வீட்டு விலாசம் இருக்கா?"

சகாயநாதன் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்தார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தாள். முக்கால் டேங்க் இருந்தது.

"என்ன பண்ணப் போற?"

"கோரமங்களா எவ்ளோ தூரம் வரும்? முப்பத்தஞ்சு கிலோமீட்டர்?"

"பைத்தியமா உனக்கு? அட்டிபெலே தாண்டுனா கர்நாடகா போலீசு. நிறுத்தி புக்கு எங்கம்மான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அத வாங்கத்தான் போறேன்னு சொல்லுவேன்."

டெல்வின் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆரோக்கியசெல்வி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வண்டியின் பின் சீட்டில் கையை ஊன்றி, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ எங்க?"

"வழியில வண்டி நின்னா பதிமூணு ஸ்பானர் யாரு எடுத்துத் தருவா?"

"நில்லுங்க ரெண்டு பேரும்" என்றார் சகாயநாதன்.

அதட்டலா, கெஞ்சலா என்று தெரியவில்லை. பதிலுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டி சிமென்ட் தரையில் இழுபடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. மூடி திறந்து சுவரில் மோதியது.

அந்தப் பெட்டிக்குள் இப்போது இருப்பது இரண்டே பொருள்கள். ஒன்று, அம்மா தலைக்குப் பொருந்தக்கூடிய பழைய ஹெல்மெட். மற்றது, வண்டிச் சக்கரத்துக்குப் பொருந்தக்கூடிய பூட்டுச் சங்கிலி.

"என்னத்த எடுக்கறாரு?" என்று காதருகே கேட்டாள் ஆரோக்கியசெல்வி.

"தெரியல."

உள்ளே இரும்பு ஏதோ கலகலத்தது. காலடிச் சத்தம் வாசலை நோக்கி வந்தது.

ரூபி எஞ்சினை அணைக்கவில்லை. பாதத்தை லீவரின் மேல் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.